வான்கோழிக்கு ஒரு மனு

சினிமா டிக்கெட்டுக்குக் கியூ உண்டு. ராஷன் சர்க்கரைக்குக் கியூ உண்டு. பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கேட்டு நாலு இடத்தில் மனுப் போட்டுவிட்டுத் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற தாய்மார்களும் நம்மில் உண்டு. ஆனால் காட்டுக்குள் போய் ஒரே ஒரு வான்கோழியைச் சுட்டுக்கொண்டு வருவதற்காக மனுப் போட்டு, சீட்டுக் குலுக்கி, 'இந்த வருஷம் இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு, அடுத்த வருஷமும் அலுக்காமல் மனுப் போடும் ஜனங்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா, நேயர்களே? நம்பத்தான் வேண்டும். அமெரிக்காவில் இது வருஷா வருஷம் நடக்கிற விஷயம்.

'வேட்டையா? ஐயோ பாவமே!' என்று சில சகோதரிகள் முகத்தைச் சுளிப்பது தெரிகிறது. நான் வேட்டைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை என்பது ஜமீன்தார் பங்களாச் சுவரில் தொங்கும் பழைய படமாகிவிட்டது. அங்கே கதை வேறு. அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. பலருக்கு அதுவே சாப்பாடு. எனக்குச் சுவாரசியமாகப் படுவது துப்பாக்கி அல்ல, அந்த மனு. காட்டில் திரியும் ஒரு பறவை யாருக்குச் சொந்தம்? உள்ளூர்க்காரனுக்கு எவ்வளவு, வெளியூர்க்காரனுக்கு எவ்வளவு? இந்தப் பங்கீட்டில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சண்டை போட்டிருக்கிறார்கள்!

முதலில் பறவையைப் பற்றி நாலு வார்த்தை. வான்கோழிக்குத் தாயகமே அமெரிக்கக் கண்டம்தான். 1612-இல் கோவாவிலிருந்து ஒரு வான்கோழி ஜஹாங்கீர் பாதுஷாவின் அரண்மனைக்கு வந்தபோது, அந்த அதிசயப் பிராணியைப் பார்த்துவிட்டுத் தம்முடைய சித்திரக்காரர் மன்ஸூரை அழைத்துப் படம் வரையச் சொன்னாராம் பாதுஷா. மயிலுக்குப் போட்டியாக ஆடி அவமானப்பட்ட பறவை என்று நாம் கேலி செய்கிறோம். ஆனால் பெஞ்சமின் பிராங்க்ளின் 1784-இல் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில், நாட்டின் சின்னமாகிய வெண்தலைக் கழுகைவிட வான்கோழியே மரியாதைக்குரிய பறவை என்று பாதி வேடிக்கையாகவும் பாதி நிஜமாகவும் எழுதியிருக்கிறார். கழுகு அடுத்தவன் பிடித்த மீனைப் பிடுங்கித் தின்னுமாம்!

பண்ணையில் கொழுத்து, நவம்பர் மாதத்து நன்றித் திருநாளில் மேஜைக்கு வருகிற பறவை வேறு. காட்டு வான்கோழி வேறு. காட்டுப் பறவை ஒல்லி. ஆனால் கண் கூர்மை. ராத்திரியில் மரக்கிளைமேல் அடையும். நிழல் அசைந்தால் போதும், மாயமாய் மறைந்துவிடும். அந்த நாட்டில் அதற்கு ஐந்து கிளை இனங்கள் உண்டு. கிழக்கே பரவியிருப்பது ஒன்று. பிளாரிடா தீபகற்பத்தைத் தவிர வேறெங்கும் இல்லாத 'ஆஸியோலா' ஒன்று. டெக்ஸாஸ் பக்கத்து 'ரியோ கிராண்டே' ஒன்று. வால் ஓரத்தில் வெள்ளைக் கரை கட்டின மாதிரி இருக்கும் மலைநாட்டு 'மெரியம்' ஒன்று. மெக்ஸிகோ எல்லையோரத்து மலைகளில் இருக்கும் 'கூல்ட்' ஒன்று. முதல் நாலையும் பார்த்துவிட்டவர்களுக்கு வேட்டைக்காரர்களிடையே தனி மரியாதை. நாலு தாம யாத்திரை போய் வந்தவர்களை நாம் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

இந்தப் பறவை ஒரு காலத்தில் அடியோடு அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. காட்டை வெட்டினார்கள். சந்தையில் விற்பதற்காக வரைமுறையில்லாமல் சுட்டுத் தள்ளினார்கள். விஸ்கான்ஸின் மாநிலத்தில் 1881-க்குப் பிறகு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பிறகு புத்தி வந்தது. பண்ணையில் வளர்த்த பறவைகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவற்றுக்கு நரிக்கும் பருந்துக்கும் பயப்படத் தெரியவில்லை, செத்தன. 1950-களில் பீரங்கி மாதிரி குழாய்களிலிருந்து பெரிய வலையைப் பாய்ச்சி, நிஜக் காட்டுப் பறவைகளையே பிடித்து வேறு காட்டில் விடுகிற வித்தை கைவந்தது. அதுதான் பலித்தது. 1976-இல் மிஸௌரியிலிருந்து 29 வான்கோழிகளை வரவழைத்து, விஸ்கான்ஸின் மாநிலத்தின் வெர்னன் ஜில்லாவில் விட்டார்கள். விலை என்ன தெரியுமா? பணம் அல்ல, தங்கள் காட்டுக் கௌதாரிகளைப் பிடித்துக் கொடுத்தார்கள்! பண்டமாற்று. 1983-இல் அங்கே மறுபடியும் வசந்த கால வேட்டை ஆரம்பமாயிற்று. இன்றைக்கு அமெரிக்காவில் சுமார் 60 லட்சம் காட்டு வான்கோழிகள் இருக்கின்றன.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். பெரும்பங்கு வேட்டைக்காரர்களின் பையிலிருந்துதான். 1937-இல் வந்த ஒரு சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் 11 சதவிகித வரி வனப் பிராணிகளின் நலனுக்கென்று மாநிலங்களுக்குப் போகிறது. அதோடு ஒரு நிபந்தனை: லைசென்ஸ் மூலம் வரும் பணத்தை ரோடு போடவும் பாலம் கட்டவும் திருப்பிவிடக் கூடாது.

சரி, பறவை யாருக்குச் சொந்தம்? இங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய 28 சதவிகிதம், அதாவது சுமார் 64 கோடி ஏக்கர், மத்திய சர்க்காருடையது. தேசியக் காடுகளும் புல்வெளிகளும் அதில் சேர்ந்தவை. அதாவது நாட்டிலுள்ள அத்தனை பிரஜைகளுக்கும் அதில் பாத்தியதை உண்டு. ஆனால் அந்தக் காட்டில் திரியும் வான்கோழியை நிர்வகிப்பது மாநில சர்க்கார்! வாத்து மாதிரி தேசம் விட்டுத் தேசம் பறக்கும் பறவையானால் 1918-ஆம் வருஷத்துச் சட்டப்படி மத்திய சர்க்கார் தலையிடும். வான்கோழி பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போகாத குடும்பப் பறவை. ஆகவே மாநிலம் வைத்ததே சட்டம். வீடு கூட்டுக் குடும்பத்தின் சொத்து. தோட்டத்து மாங்காய் மட்டும் அங்கே குடியிருக்கும் ஓரகத்திக்கு என்றால் மற்றவர்களுக்கு எப்படி இருக்கும்? அந்த மாதிரிதான்.

வெளி மாநிலத்தார் சும்மா இருப்பார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். வான்கோழிக்காக அல்ல, எல்க் என்னும் பெரிய மானுக்காக. மான்டானா மாநிலத்தில் 1976-இல் உள்ளூர்க்காரர் 9 டாலருக்கு எல்க் லைசென்ஸ் வாங்கலாம். வெளியூர்க்காரர் அந்த ஒன்றை மட்டும் தனியாக வாங்க முடியாது. 225 டாலர் கொடுத்துப் பல பிராணிகளுக்கும் சேர்த்த லைசென்ஸைத்தான் வாங்க வேண்டும். 25 மடங்கு! 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பிழைப்புக்கான தொழில் என்றால் வெளியூரான் என்று ஒதுக்கக் கூடாது, வேட்டை பொழுதுபோக்குத்தானே, அதில் மாநிலம் வித்தியாசம் காட்டலாம். ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் இந்தக் கட்சி. மூன்று பேர் எதிர்க் கட்சி. பிறகு அரிஸோனா மாநிலம் எல்க், மான் வேட்டையில் வெளியாருக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் கிடையாது என்று வைத்திருந்த வரம்பை 2002-இல் வேறொரு நீதிமன்றம் கண்டித்தது. உடனே 2005-இல் அமெரிக்கப் பார்லிமெண்டே தலையிட்டு, 'மாநிலங்கள் வித்தியாசம் காட்டலாம்' என்று சட்டம் செய்து அந்த வாதத்துக்குக் கதவைச் சாத்திவிட்டது.

எனக்கு அந்த மூன்று நீதிபதிகள் பேரில் கொஞ்சம் அனுதாபம் உண்டு. ஆனால் உள்ளூர்க்காரர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வருஷம் முழுவதும் அங்கேயே இருந்து, வரி கட்டி, பனியிலும் வெள்ளத்திலும் அந்தக் காட்டோடு வாழ்கிறவர் அவர். வசந்தத்தில் ஒரு வாரம் காரில் வந்து இறங்குகிறவருக்கும் அவருக்கும் சம பங்கு என்றால் மனசு கேட்குமா?

இனி மனுவுக்கு வருவோம். விளங்குவதற்காக ஒரு பாத்திரத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒஹையோ மாநிலத்தில் ஒரு டீச்சரம்மா. சம்பளம் சுமார், லீவு அதைவிடச் சுமார். அப்பாவோடு சின்ன வயதிலிருந்து காட்டுக்குப் போய்ப் பழக்கம். மெரியம் வான்கோழியை அதன் மலையிலேயே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. பணக்காரராக இருந்தால் பெரிய பண்ணைக்காரர் யாருக்காவது பணத்தைக் கொடுத்து, வழிகாட்டியை வைத்துக்கொண்டு, தனியார் நிலத்தில் சுகமாக வேட்டையாடலாம். டீச்சரம்மாவுக்குப் பொது நிலம்தான் கதி. அங்கேயும் கூட்டம் நெரியும் இடங்களில் இத்தனை பேர்தான் என்று எண்ணி, குலுக்கல் முறையில் பர்மிட் கொடுக்கிறார்கள்.

ஏன் எண்ணிக்கை வைக்கிறார்கள் என்பதற்குப் பறவை மட்டும் காரணமல்ல. வசந்தத்தில் நடப்பது சேவல் வேட்டை. பெட்டை குரல் கொடுக்கிற மாதிரி வேட்டைக்காரர் குரல் கொடுத்துச் சேவலை வரவழைக்க வேண்டும். மரப்பெட்டியின்மேல் மூடியைத் தேய்த்தும், கற்பலகையில் குச்சியை உரசியும், வாய்க்குள் மெல்லிய தகட்டை அடக்கிக்கொண்டும் அந்தச் சத்தத்தை எழுப்புகிறார்கள். உடம்பு முழுவதும் இலை நிற உடை, முகத்துக்குத் திரை, மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்காருதல். இப்போது யோசியுங்கள்: ஒரே காட்டில் நூறு பேர் பெட்டைக் குரலில் கூப்பிட்டுக்கொண்டு, ஒருவர் கண்ணுக்கு ஒருவர் தெரியாமல், கையில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தால்? சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் கைக்குட்டைகூடக் கொண்டுபோகாதீர்கள் என்று பாடம் சொல்லிக் கொடுக்கிறார்கள். சேவலின் தலை நிறம் அது! ஆகவேதான் பயிற்சிப் பத்திரம் கேட்கிறார்கள். விஸ்கான்ஸினில் 1973 ஜனவரி 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர் யாராயிருந்தாலும் பாதுகாப்புப் பாடம் படித்துத் தேறினால்தான் லைசென்ஸ்.

டீச்சரம்மா இலையுதிர் காலத்திலேயே பஞ்சாங்கம் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். அரிஸோனாவில் அடுத்த வசந்தத்துக்கான மனு முந்தின வருஷ இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடும். விஸ்கான்ஸினுக்கு டிசம்பர் 10 கடைசித் தேதி. அயோவாவுக்கு ஜனவரி. கான்ஸாஸில் முன்பு வெளி மாநிலத்தார் கேட்டால் பல பகுதிகளுக்கு பர்மிட் கிடைத்தது. பறவை குறைந்துபோனதால் 2024 முதல் அவர்களுக்குக் குலுக்கல் வைத்துவிட்டார்கள். அதற்கும் குளிர்காலத்திலேயே மனு. கென்டக்கி, டென்னஸி மாநிலங்களுக்கு நடுவே 'இரு ஏரிகளுக்கு இடைப்பட்ட நிலம்' என்று ஒரு பெரிய தேசியப் பொழுதுபோக்குப் பகுதி இருக்கிறது. அதில் சில நாட்களுக்குத் தனிக் குலுக்கல். பங்குனி வெயிலில் சேவல் கூவும்போது மனுப் போட நினைப்பவர் கல்யாணம் முடிந்த பிறகு சத்திரம் தேடி வந்தவர் மாதிரிதான். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் நடப்பதால், கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் மனுப் போட்டு அது திணறுவதும் உண்டு.

குலுக்கலிலும் பல தினுசு. நியூ மெக்ஸிகோவைப் பாருங்கள். குலுக்கல் லைசென்ஸுகளைச் சட்டப்படி பிரித்திருக்கிறார்கள்: உள்ளூர்க்காரருக்கு 84 சதவிகிதம், சர்க்காரிடம் பதிந்த வழிகாட்டியோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு 10, வழிகாட்டி இல்லாத வெளி மாநிலத்தாருக்கு 6. ஒரு மலைக்கு 50 பர்மிட் என்று வைத்துக்கொண்டால், 42 உள்ளூருக்கு, 5 வழிகாட்டிக் கோஷ்டிக்கு. மிச்சம் 3. அந்த மூன்றுக்குத்தான் நம் டீச்சரம்மாவும் இன்னும் எத்தனையோ பேரும் காத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு ஆறுதல்: அங்கே பழைய மனுதாரர், புது மனுதாரர் என்ற பேதமே கிடையாது. சுத்தமான அதிர்ஷ்டம். முதல் வருஷமே விழுந்தாலும் விழலாம். இருபது வருஷம் விழாமல் போனாலும் போகலாம்.

மற்ற இடங்களில் 'பாயிண்ட்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு வருஷம் விழவில்லையென்றால் ஒரு பாயிண்ட். இதில் இரண்டு ஜாதி. அயோவாவில் வெளி மாநிலத்தாருக்கு இருப்பது முன்னுரிமை பாயிண்ட்: அதிக பாயிண்ட் உள்ளவர்களுக்கு முதலில் கொடுத்து முடித்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். பந்தியில் மூத்தவர்கள் எழுந்த பிறகு சின்னவர்கள் உட்காருகிற கணக்கு. அரிஸோனாவில் இருப்பது உபரி பாயிண்ட்: பாயிண்ட் ஏற ஏறப் பெட்டியில் நம் பேருக்குச் சீட்டுகள் அதிகமாகும். நாலு பாயிண்ட் வைத்திருப்பவருக்கு ஐந்து சீட்டு. புதிதாக வந்தவருக்கு ஒரு சீட்டு. புதிதாக வந்தவருக்கு விழவே விழாது என்று சொல்ல முடியாது. அங்கேயும் ஒரு பகுதியை அதிக பாயிண்ட்காரர்களுக்கென்று முன்னாலேயே ஒதுக்கிவிடுகிறார்கள்.

முன்னுரிமைக் கணக்கு நியாயமாகத் தோன்றுகிறது அல்லவா? அதில் ஒரு விஷமம் இருக்கிறது. வருஷா வருஷம் பர்மிட் கிடைத்து வெளியே போகிறவர்களைவிடப் புதிதாக வரிசையில் சேருகிறவர்கள் அதிகமானால், வரிசை நீண்டுகொண்டே போகும். மூன்று பாயிண்ட் போதும் என்று கேள்விப்பட்டு ஒருவர் மூன்று வருஷம் காத்திருப்பார். அவர் மூன்றைத் தொடும்போது நாலு வேண்டியிருக்கும். நாலைத் தொட்டால் ஐந்து. ஐம்பத்தைந்து வயதில் வரிசையில் சேர்ந்த ஒருவருக்கு இது விளையாட்டு அல்ல. முழங்கால் காத்திருக்குமா? மலை ஏற வேண்டாமா?

பண விஷயத்தில் டீச்சரம்மா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டும். சில மாநிலங்களில் முழுக் கட்டணத்தையும் முன்னாலேயே கட்டச் சொல்லுவார்கள். விழாவிட்டால் திரும்பி வரும். மனுக் கட்டணம் திரும்பாது. அரிஸோனாவிலோ மனுப் போடுவதற்கே அந்த மாநிலத்து வேட்டை லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும். வெளியாருக்கு அதன் விலை உள்ளூர் விலையைப் போலப் பல மடங்கு. குலுக்கலில் விழுந்தாலும் விழாவிட்டாலும் அது போனது போனதுதான். நாலு மாநிலத்தில் மனுப் போட்டுவிட்டு நாலிலும் விழாமல், கணக்குப் பார்த்தால் ஒரு மாத மளிகைச் செலவு கரைந்திருக்கும். இரண்டு மாநிலம் போதும் என்பது என் அபிப்பிராயம்: நிச்சயம் கிடைக்காது என்று தெரிந்த கனவு மலை ஒன்று, அநேகமாகக் கிடைக்கும் என்கிற சாதாரணக் காடு ஒன்று.

சிநேகிதியோடு சேர்ந்து கூட்டு மனுப் போடலாம். நல்ல ஏற்பாடு, ஒரே காரில் பெட்ரோல் செலவு மிச்சம். ஆனால் பல மாநிலங்களில் இருவருடைய பாயிண்டையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடுவார்கள். ஐந்து பாயிண்ட் உள்ளவரும் ஒரு பாயிண்ட் உள்ளவரும் சேர்ந்தால் ஆளுக்கு மூன்று. சிநேகிதத்துக்கு இரண்டு பாயிண்ட் விலை! மிச்சம் ஒரே பர்மிட் இருக்கும்போது இருவர் மனு வந்தால் அதைத் தாண்டி அடுத்தவருக்குப் போய்விடுவதும் உண்டு.

குறுக்கு வழி தேடுகிறவர்கள் எங்கேதான் இல்லை? மச்சினர் வீட்டு விலாசத்தைக் கொடுத்து 'நானும் உள்ளூர்தான்' என்று மனுப் போடுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அகப்பட்டால் லேசில் விடமாட்டார்கள். பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கின்றன. ஒரு மாநிலத்தில் லைசென்ஸ் பறிபோனால் மற்றவற்றிலும் போயிற்று. முறைகேடாகச் சுட்ட பறவையை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால் 1900-ஆம் வருஷத்து லேஸி சட்டப்படி மத்திய சர்க்காரே வழக்குப் போடும்.

பர்மிட் விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் எந்தப் பகுதி, எந்த நாட்கள் என்று அச்சடித்திருக்கும். விஸ்கான்ஸினில் ஏழு பகுதிகள். ஏழு ஏழு நாளாக ஆறு தவணைகள். ஒவ்வொரு தவணையும் புதன்கிழமை ஆரம்பித்துச் செவ்வாய்க்கிழமை முடியும். மழை பெய்தாலும் பனி கொட்டினாலும் உங்கள் ஏழு நாள் உங்கள் ஏழு நாள்தான். சில பர்மிட்டுகளில் 'தாடி உள்ள பறவை' என்று போட்டிருப்பார்கள். சேவலின் மார்பில் குதிரைமயிர் மாதிரி ஒரு கொத்துத் தொங்கும், அதைத்தான் தாடி என்கிறார்கள். அபூர்வமாகச் சில பெட்டைகளுக்கும் தாடி உண்டு! குஞ்சு பொரிக்க வேண்டிய பறவையாயிற்றே என்று அனுபவசாலிகள் அதை விட்டுவிடுவார்கள்.

விழவில்லையென்றால்? டீச்சரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. விஸ்கான்ஸினில் குலுக்கல் முடிந்து மிஞ்சிய பர்மிட்டுகளை மார்ச் மாதத்தில் பகுதிவாரியாக விற்கிறார்கள். முந்தி வந்தவருக்கு முந்தி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்று. வெளி மாநிலத்தாரும் வாங்கலாம். பெரும்பாலும் மிஞ்சுவது மே மாதத்துக் கடைசித் தவணைகள்தான். அதற்குள் மரமெல்லாம் இலை விட்டு அடர்ந்துபோய்ப் பறவை கண்ணில் படுவது கஷ்டம். கொசுவும் உண்ணியும் தாராளம். ஆனால் பெட்டைகள் அநேகமாக முட்டைமேல் உட்கார்ந்துவிடும் காலம் அது. துணையில்லாமல் திரியும் சேவல், மரப்பெட்டியின் பொய்க் குரலுக்குக்கூட வெகு தூரத்திலிருந்து பதில் கொடுத்துக்கொண்டே வரும் என்று சொல்கிறார்கள்.